அப்பாவின் புல்லரிப்பு

கரும்பலகையில் அப்பாவின் உடம்பை எழுதிப்போட்டுவிட்டு ஆசிரியை கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். கொட்டாவி. கண்ணீர். மூக்கு ஒழுகல். வியர்வை. மயிர் குத்திட்டு நிற்றல். வயிற்றுப் பிடிப்பு, பேதி. உறக்கமின்மை. அபினிலிருந்து வருகிற மருந்துகளுக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காமல் போனால் இப்படித்தான் அழும் என்றார். பாளையங்கோட்டையில் நான் மருந்தியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று. வரிசையை எழுதிக்கொண்டே வந்த என் கை, மயிர் என்ற இடத்தில் நின்றுவிட்டது.

இந்த வரிசை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தை மாதமும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு அப்பாதான் குருசாமி. பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் வேல். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஆற்றை ஒட்டியே இறங்குகிற நடை. கிளம்பின மறுநாள் சேரன்மகாதேவி தாண்டும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழியத் தொடங்கும். கையில், நெஞ்சில், பிடரியில் மயிர் எல்லாம் எழுந்து நிற்கும், தை வெயிலில். உடம்பு லேசாக நடுங்கும். ராத்திரி எல்லோரும் உறங்க அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். முருகன் இறங்கிவிட்டான் என்பார்கள். வழியில் இருக்கிற ஊர்க்காரர்கள் குடத்துத் தண்ணீரோடு காத்திருந்து அவர் காலைக் கழுவுவார்கள். கழுவின தண்ணீரைக் குழந்தையின் தலையில் தெளிப்பார்கள். நானும் விழுந்திருக்கிறேன் அந்தக் காலில். விழுந்து எழுந்து, என் அப்பா என்று பக்கத்திலிருந்த பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி, அப்படியானால் காதலில் விழுந்தாலும் இதே அறிகுறிதானே டீச்சர் என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பேதி வருமா என்று பார்த்துச் சொல் என்றார் ஆசிரியை. இன்னும் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். காது மடல் எரிந்தது. யாரோ என் வீட்டுக் கொடியில் கிடந்த உள்துணியை எடுத்துவந்து வகுப்பில் விரித்துக் காட்டினதுபோல இருந்தது.

மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு சின்ன நூல் ஆலை இருந்தது. இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம். அப்பா அங்கே பஞ்சைச் சிக்கெடுக்கிற பகுதியில் வேலை பார்த்தார். அந்தப் பகுதிக்குள் ஆள் நுழைந்தால் புருவம் முதலில் நரைக்கும், தலைமுடி பிறகு. பஞ்சுத் தூசிக்கு ஒரு குணம் உண்டு. தினமும் உள்ளே போகிற நெஞ்சு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஞாயிறு ஒரு நாள் நல்ல காற்றைக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை போனால் இறுக்கிப் பிடிக்கும். அதனால் திங்கட்கிழமை காலையில், ஆலைச் சங்கு ஊதும் முன்னே, மெடிக்கல் ஸ்டோர் வாசலில் சைக்கிள்கள் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே கை நீட்டுவார்கள். கடை அண்ணாச்சி இருமல் மருந்தைப் பாட்டிலின் மூடியிலேயே ஊற்றிக் கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே மூடி. அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டு மூடியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு மிதித்துப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை மூடி என்றே அதற்குப் பெயர். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி என்று எனக்குச் சின்ன வயதில் தோன்றும். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும், ஒருத்தர் பேச மாட்டார்.

அப்பாவுக்குத் திங்கட்கிழமை பிறகு செவ்வாய்க்கும் நீண்டது. பிறகு எல்லாக் கிழமையும். பிறகு மூடி போய்ப் பாட்டில் வந்தது. சோற்றுத் தூக்குச்சட்டி வைக்கிற மஞ்சள் பைக்குள், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில். இருமல்காரர் இருமல் மருந்து குடிக்கிறார், இதில் என்ன இருக்கிறது. அவர் சாராயத்தை மோந்து பார்க்காதவர். தெருவில் யாராவது குடித்துவிட்டு வந்தால், ஏலே, பொண்டாட்டி பிள்ளைய நெனைச்சியா என்று நிறுத்திக் கேட்பவர். ஆலையில் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு எதிரில் பீடியைக் கூட மறைப்பார்கள்.

காலிப் பாட்டில்களை அம்மா வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்துவிடுவாள். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாமே அந்தத் தவிட்டு நிறப் பாட்டில்களில்தான் இருந்தன. நான் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதும் அதிலிருந்துதான். எண்ணெய் வைக்கிற பாட்டிலுக்கு லேபிளை ஏன் அவ்வளவு சிரத்தையாக உரிக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

படிக்க வந்த இடத்தில் அந்த லேபிள்தான் பாடம்.

மருந்துகளுக்குச் சாதி பிரிக்கிற பாடம் அது. அட்டவணை ஜி, வைத்தியர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியவை. அட்டவணை எச், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அட்டவணை எக்ஸ், சீட்டையே இரண்டு பிரதியாக வாங்கி, மருந்தைப் பூட்டி வைத்து விற்க வேண்டியவை. லேபிளின் மூலையில் இருக்கிற எழுத்தைப் பார்த்தால் போதும்: வெறும் ஆர்எக்ஸ் என்றால் ஒன்று, சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்றால் ஒன்று. சிவப்பில் என்ஆர்எக்ஸ் என்று இருந்தால் போதைப்பொருள் சட்டமும் அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறது என்று அர்த்தம். கோடீன் அந்தக் கடைசி ஜாதி. கசகசாச் செடியின் பாலில் பிறந்தது, மார்ஃபினுக்குத் தங்கை. தனியாகக் கையில் வைத்திருந்தால் போலீஸ் வரும். சொற்ப அளவில் இனிப்புப் பாகில் கரைத்து, வாசனை சேர்த்து, சிவப்புச் சாயம் போட்டால் இருமல் மருந்து. சட்டம் அளவைப் பார்த்து விட்டுக்கொடுக்கிறது. ஈரலோ உள்ளே வந்த கோடீனில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி மார்ஃபினாகவே மாற்றிக்கொள்கிறது. சாயம் போட்டுப் பிரயோஜனமில்லை. உடம்புக்குள் அக்காவும் தங்கையும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு மூடிக்கு அடங்கின இருமல் பிறகு இரண்டு கேட்கும், அது தாங்குதிறன். குடித்ததில் பாதி சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போகும், மிச்சத்தில் பாதி அடுத்த சில மணி நேரத்தில். அது அரை ஆயுள். கிடைக்காவிட்டால் உடம்பு புரளும், அது சார்பு. சார்பு என்பது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட சொல் இல்லை என்று ஆசிரியை அழுத்திச் சொன்னார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தேர்வில் வராது. நான் எழுதிக்கொண்டேன். எழுதி என்ன, அந்த வாரம் ஊருக்குப் போனபோது எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவே கூசியது. வறண்ட தலையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அம்மா என் தலையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தத் தையில் நானும் மாலை போட்டேன். நடக்கிற ஆசை இல்லை. மாலை போட்டவர்கள் லாகிரி வஸ்து எதையும் தொடக் கூடாது. அப்பா அந்தப் பட்டியலில் இருமல் மருந்தையும் சேர்த்துவிடுவார். கிளம்புகிற அன்று காலையோடு நிறுத்தம். வருஷம் முழுக்க ஓடுகிற ஒன்றை ஒரே நாளில் அறுத்துவிட்டு, வெயிலில், தார் ரோட்டில், செருப்பில்லாமல், பேதியோடு. அவர் விழுந்துவிடுவார் என்று எனக்கு அந்த வருஷம் தெரிந்திருந்தது. முந்தின வருஷமே ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் ஒருமுறை சரிந்து, அதையும் அருள் என்று சொல்லித் தூக்கி நிறுத்தி நடக்கவைத்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். பார்த்தவுடனே தெரிந்தது. வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் கொட்டாவி விட்டார். அடுத்தடுத்து, வாய் கிழிகிற மாதிரி. ஒரு கிழவர் அந்த வாய்க்கு எதிரில் கைகூப்பி நின்றார்.

நான் அந்தக் கிழவரைப் பார்க்காமல் என் கால் விரல்களைப் பார்த்தேன். ஊரெல்லாம் என் அப்பாவைக் கும்பிடுகிறது, நான் மட்டும் கரும்பலகையைப் பார்க்கிறேன். கொட்டாவி, ஆச்சு. கண்ணீர், ஆச்சு. இனி அடுத்தது. இப்படி ஒரு மகள் இருக்க முடியுமா. இருந்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் மத்தியான வெயிலுக்குக் கூட்டம் மண்டபத்தில் ஒதுங்கியது. அப்பா ஆற்றுப் பக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நான் பின்னாலேயே போனேன். அணைக்கட்டுக்குக் கீழே நீர் மெலிந்து பாறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. கால் கழுவிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் அப்படியே இருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கையில் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்த எதுவும் வரவில்லை. எங்கள் பாடத்தில் ஒரு பக்கம் உண்டு என்று ஆரம்பித்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்ளா" என்றார்.

நான் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தேன்.

"மொத வருசம் நெசமாவே நெனச்சேன், அவன்தான் வந்துட்டான்னு. அழுதேன். அதுக்கு மறுவருசம் உங்க பெரியம்மை செத்ததுக்குத் தூத்துக்குடி போயிருந்தோம்லா. மருந்து எடுத்துட்டுப் போவல. அங்கனயும் இப்படியே வந்துது. எளவு வீட்டுல அவனுக்கு என்ன சோலி?"

மூக்கை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டார்.

"முருகன் வந்தா மூக்கு ஒழுகுமாளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த நிமிஷம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். காலில் விழுந்தவர்கள் எழுந்து நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லையாம். பிறகு ஒவ்வொரு வருஷமும் நடைக்கு முன்னால், இந்தத் தடவையாவது நிஜமாக வந்துவிடு, என் மானத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டுதான் நிறுத்துவாராம்.

திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றேன். இப்போது கொஞ்சம் குடித்தே ஆக வேண்டும், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரும் வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கே விழுந்துவிடுவீர்கள் என்றேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினார். மாலை கிடக்கும்போது எப்படி என்பதுபோல. எந்த அட்டவணையிலும் அது இல்லை.

பிறகு அவரே இரண்டு கையாலும் மாலையைக் கழற்றினார். வழி நடுவில் குருசாமி மாலை கழற்றுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. ஆற்றுத் தண்ணீரில் நனைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, லேசாக இருந்தது. கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் கருக்காமல் வெளுத்துத் தெரிந்தது. அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"பைய போயிட்டு வா" என்றார்.

மெடிக்கல் ஸ்டோரில் கூட்டம் இல்லை. பச்சைச் சேலையும் கழுத்தில் மாலையுமாக நின்று மருந்தின் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் என் மாலையைப் பார்த்தார், பிறகு முகத்தை. சீட்டு இருக்கா என்றார். அவர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டே ஆக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த கேள்வி. அப்படியும் திருடிபோல உணர்ந்தேன். மளமளவென்று பாடத்தை ஒப்பித்தேன்: சார்பு, திடீர் நிறுத்தம், நீரிழப்பு, படிப்படியாகக் குறைத்தல். அவர் முழுவதையும் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. யாருக்கு?"

அதுவரை ஆங்கிலத்தில் இருந்தது. இதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவுக்கு என்றேன்.

எதிரே டாக்டர் இருக்கிறார், எழுதி வாங்கிக்கொண்டு வா என்று கையைக் காட்டினார். டாக்டர் பதறவில்லை, திட்டவும் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். வீட்டில் யாருக்கும் தெரியாதா என்றார். அம்மாவுக்குத் தெரியும். லேபிள் உரிக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா. அவளிடம் கேட்டதில்லை என்று சொல்ல வாய் வராமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குத்துமதிப்பாக எழுதினார். எப்படிக் குறைத்துக்கொண்டு போவது என்பதையும் அதன் கீழே எழுதினார்.

பாறையிலேயே உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த மூடியை அப்பா அண்ணாந்து உதட்டில் படாமல் குடித்தார். யாரும் இல்லாத ஆற்றில், அடுத்த ஆளே இல்லாத வரிசையில், பழக்கம் விடவில்லை. மூடியைப் பக்கவாட்டில் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணீர் நின்றது. கையில் மயிர் ஒவ்வொன்றாகப் படுத்தது. முருகன் இறங்கிப் போய்விட்டார்.

மண்டபத்துக்கு வந்ததும், சார்த்தி வைத்திருந்த வேலை எடுத்துப் பக்கத்து வீட்டு மாமாவிடம் கொடுத்தார். மாமா ஆலையில் அவரோடு வேலை பார்ப்பவர், நடையில் அவருக்கு அடுத்த ஸ்தானம். மாலை எங்கே என்று மாமா கேட்கவும், கைக்குழந்தையோடு காத்திருந்த ஓர் உள்ளூர்ப் பெண் அப்பாவின் காலில் விழவும் சரியாக இருந்தது. அப்பா காலை இழுத்துக்கொண்டார். கிட்டத்தட்டத் துள்ளினார்.

"விழாதம்மா. எனக்கு இருமல் மருந்துப் பழக்கம். அது கெடைக்கலன்னா ஒடம்பு இப்படிப் பண்ணும். சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

இவ்வளவு வருஷம் கும்பிட்டவர்கள் இனி என்ன செய்வார்கள். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா கண்கலங்கிப் போயிருந்தார். "பாத்தியளா வே" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எம்புட்டு அடக்கம்."

"அடக்கம் இல்லவே. பேதி" என்றார் அப்பா. "பேதி போகுது எனக்கு."

யாரோ குபீரென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அன்பான சிரிப்பு, அதுதான் கொடுமை. அந்தப் பெண் அவர் நின்ற இடத்து மண்ணைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுக் காலிக் கையோடு நிற்கிற ஆளிடம், இன்னும் ஏதோ மிச்சம் வைத்திருக்கிறார் என்று சுற்றி நின்று கும்பிட்டால் அவர் எங்கே போவார்.

கூட்டத்தின் வாலுக்குப் போனார். பிறகு வழியெல்லாம் அங்கேதான் நடந்தார், நானும் அவரோடு. ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று ரோடு ஓடியது. வாழைத் தோட்டங்களும் பனைகளும். கிழக்கே புன்னக்காயல் பக்கமாக ஆறு எங்களை விட்டுப் பிரிந்து போயிற்று. என் பையில் ஒரு பக்கம் பாட்டில், ஒரு பக்கம் அவர் மாலை. வேளைக்கு வேளை மர நிழலில் ஒதுங்கி, யாரும் பார்க்காமல் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். பார்த்தாலும் தீர்த்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் முழுதாக விடுவதற்குக் கோடை வந்துவிட்டது. அளக்கிற வேலையைப் பிறகு வீட்டில் அம்மா எடுத்துக்கொண்டாள். மறுவருஷம் நடைக்கு அவர் பேர் கொடுக்கவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் முழங்கால் வலி என்றார்.

கோபுரம் தெரிந்த இடத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பனைகளுக்கு மேலே அது சட்டென்று எழும். பார்த்தவர்கள் யாரும் அறிவிக்க வேண்டியதில்லை; முன்வரிசையில் ஒரு குரல், பிறகு கூட்டம் முழுக்க ஒரே தொண்டையாக, வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா. கடல் காற்று முகத்தில் உப்பாக அடித்தது. அப்பா குரல் கொடுக்கவில்லை. வெறுங்கழுத்தோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோபுரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து வந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. இனி எப்படித் திறப்பது.

அப்போதுதான் அது நடந்தது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை, பிறகு தோள் வரை. என் கையில் மயிர் எல்லாம் எழுந்து நின்றது. கண் நிறைந்து ரோடு கலங்கியது. நான் எதையும் குடித்திருக்கவில்லை. எதையும் நிறுத்தவுமில்லை.

அப்பா பார்த்துவிட்டார். என் கையையே பார்த்துக்கொண்டு நடந்தார், கொஞ்ச தூரம்.

"ஏளா" என்றார், யாருக்கும் கேட்காமல். "நீ எந்த மூடியக் குடிச்ச?"

கேலி போலவும் இருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரியும் இருந்தது. நான் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன்.